ரிப்பன் வெட்டுனதை எழுதுறீங்க, படத்தைப் பத்தி யாரு சார் எழுதுவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரம்பூர் பக்கம் சின்னதா ஒரு போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன் சார். இப்போ பாஸ்போர்ட் சைஸ் படமும் ஜெராக்ஸும் லேமினேஷனும்தான் ஓடுது, ஆனா டார்க் ரூம்ல சிகப்பு லைட்டு போட்டு பிரிண்ட் போட்ட காலத்துலேர்ந்து இந்த தொழில்லயே இருக்கேன். எங்க வீட்ல அப்பா காலத்துலேர்ந்து உங்க பேப்பர்தான். அந்த உரிமையிலதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போனா வெட்டிக்கோங்க, ஆனா விஷயத்தை மட்டும் விட்டுடாதீங்க.

நம்ம ஊர்ல இப்போ போட்டோ கண்காட்சி அடிக்கடி நடக்குது. முன்ன மாதிரி மலை, அருவி, புலி, சூரிய உதயம் மட்டும் இல்ல, நம்ம தெரு, நம்ம பஸ் ஸ்டாப்பு, மீன் மார்க்கெட்டு, ஹவுசிங் போர்டு மாடிப்படி, தண்ணி லாரி, இப்படி நாம தினமும் பாக்கறதையே பெருசா பிரிண்ட் போட்டு மாட்டறாங்க. நல்ல விஷயம். ஆனா மறுநாள் பேப்பரை பிரிச்சா என்ன இருக்கு? இன்னார் குத்துவிளக்கு ஏத்தினாரு, இன்னார் ரிப்பன் வெட்டினாரு, இன்னார் வாழ்த்துரை, இன்னார் நன்றியுரை. கூட ஒரு படம், அதுலயும் விருந்தினருங்க வரிசையா நிக்கறாங்க, பின்னாடி செவுத்துல மாட்டுன போட்டோ பாதி தலைக்கு பின்னாடி மறைஞ்சிருக்கு. கல்யாண வீட்டுக்கு போய் பந்தியில யார் யார் உக்காந்தாங்கன்னு எழுதிட்டு, மாப்ள பொண்ணு பேரை விட்டுட்டு வர்ற மாதிரி இருக்கு சார். உங்க ஒரு பேப்பரை மட்டும் சொல்லல, எல்லா தமிழ் பேப்பரும் இப்படித்தான் பண்றீங்க. ஒரு சினிமா வந்தா கேமரா எப்படி, லைட்டிங் எப்படின்னு பத்தி பத்தியா எழுதறீங்க, எடிட்டிங்ல தொய்வுன்னு கூட எழுதறீங்க, ஆனா செவுத்துல அசையாம நிக்கற ஒரு படத்தை பத்தி நாலு வரி எழுத ஆள் இல்லையா?

ஒரு படத்தை சொல்றேன். போன வருஷம் ஒரு சின்ன கண்காட்சியில பாத்தது, எடுத்தது காலேஜ் படிக்கற ஒரு பொண்ணு. தண்ணி லாரிக்காக தெருவுல வரிசையா வச்சிருக்கற பிளாஸ்டிக் குடங்க. மனுஷங்க யாரும் இல்ல. மஞ்சள், ரோஸ், பச்சை, நீலம்னு குடம் மட்டும் ஒரு இருபது முப்பது நிக்குது. வட சென்னையில வளந்தவங்களுக்கு இதுல என்ன புதுசுன்னு தோணும். கிட்ட போய் பாருங்க. ஒரு குடத்து மேல சின்ன கல்லு வச்சிருக்கு, காத்துல உருளாம இருக்க. இன்னொன்னுல நெயில் பாலிஷ்ல 'மு' ன்னு எழுதியிருக்கு, யாரும் மாத்தி எடுத்துடக்கூடாதுன்னு. குடம் பத்தாத யாரோ ஒருத்தர் ஒத்தை செருப்பை வச்சு இடம் பிடிச்சிருக்காரு. ஒரு குடத்துக்கு வாய்ப்பக்கம் விரிசல், அதை சூடு வச்சு உருக்கி ஒட்டுன தழும்பு. படத்தோட வலது ஓரத்துல ஒரு கை, வளையல் போட்ட கை, கடைசி குடத்தை ஒரு அடி முன்னாடி நகத்துது. அவ்ளோதான் படம்.

அந்த பொண்ணு என்ன பண்ணியிருக்குன்னா, நின்னுகிட்டு எடுக்கல. குடத்தோட உயரத்துக்கு கேமராவை இறக்கி, தரையோட தரையா வச்சு எடுத்திருக்கு. மேல நின்னு எடுத்திருந்தா கலர் கலரா புள்ளி வச்ச மாதிரி அழகா இருந்திருக்கும், அவ்ளோதான், காலண்டருக்கு போட்டுக்கலாம். கீழ இறங்கினதால ஒவ்வொரு குடமும் ஒரு ஆள் நிக்கற மாதிரி ஆயிடுச்சு. அதுவும் காலையில எட்டு மணிக்குள்ள எடுத்திருக்கணும், ஏன்னா வெயில் பக்கவாட்டுல விழுது, பிளாஸ்டிக்குக்குள்ள வெளிச்சம் பூந்து குடம் உள்ளேர்ந்து எரியற மாதிரி தெரியுது. பிரிண்ட்டும் மேட் பேப்பர், கிளாஸி போட்டிருந்தா ஹால் டியூப்லைட்டு அடிச்சு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நான் ஒரு ஸ்டுடியோக்காரன், எனக்கு தெரிஞ்ச அளவுக்கு இவ்ளோ சொல்ல முடியுது. படிச்ச ஆள், பழகுன கண்ணு உள்ள ஒரு ஆள் எழுதினா இன்னும் எவ்ளோ சொல்லலாம்! அந்த கண்காட்சி செய்தி பேப்பர்ல வந்துச்சு. சிறப்பு விருந்தினர் பேசுனது முழுசா வந்துச்சு. அந்த பொண்ணு பேரு கூட இல்ல.

இதை ஏன் இவ்ளோ கோவமா கேக்கறேன்னா, சென்னையில நடக்கறது சின்ன விஷயம் இல்ல. 2016ல சென்னை போட்டோ பினாலே ஆரம்பிச்சாங்க, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ ஊர் முழுக்க நடக்கற போட்டோ திருவிழா. 2019ல பெங்களூரு கலைஞர் புஷ்பமாலா பொறுப்புல நடந்தப்போ மெட்ராஸ் யூனிவர்சிட்டி செனட் ஹவுஸையே திறந்து உள்ள படம் மாட்டுனாங்க. பீச்ல வாக்கிங் போறப்போ வெளியேர்ந்து மட்டுமே பாத்துட்டு போன எத்தனையோ பேர் அப்போதான் அந்த கட்டடத்துக்குள்ள கால் வச்சாங்க. அடுத்தது கொரோனா நேரம், 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சாங்க. நாலாவது 2024 டிசம்பர்ல ஆரம்பிச்சு அடுத்த மார்ச் வரைக்கும் போச்சு, 'ஏன் படம் எடுக்கணும்' ங்கறதையே கேள்வியா வச்சு நடத்துனாங்க. இங்கிலீஷ் பேப்பர்ல இதுக்கெல்லாம் பக்கம் பக்கமா எழுதறாங்க, படத்தை பெருசா போடறாங்க. படத்துல இருக்கறவங்க தமிழ் பேப்பர் படிக்கறவங்க சார். மீன் கூடை தூக்கற அம்மாவும் ஆட்டோக்காரரும் கார்ப்பரேஷன் தொழிலாளியும் டீக்கடையில விரிச்சு வச்சு படிக்கறது உங்க பேப்பரைத்தான். அவங்க வாழ்க்கைய பத்தின படத்தை பத்தி அவங்களுக்கு தெரியற மொழியில ஒரு வரி இல்லன்னா அது எப்படி சரி?

கொஞ்சம் பழைய கதைக்கு போறேன், சம்பந்தம் இருக்கு. நம்ம ஊர்ல போட்டோ வந்து ரொம்ப காலம் ஆச்சு. லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு வெள்ளைக்காரர், மெட்ராஸ் மாகாண அரசாங்கத்துக்கு போட்டோகிராபரா இருந்தவரு, 1858ல மதுரை, தஞ்சாவூர்னு சுத்தி கோயில், மண்டபம், கோபுரம் எல்லாம் எடுத்தாரு. பெரிய பெரிய பேப்பர் நெகட்டிவ்ல எடுத்த படங்க, இன்னிக்கி பாத்தாலும் கல்லுல உளி பட்ட இடம் தெரியும், அவ்ளோ துல்லியம். ஆனா கோயில்ல ஆளே இல்ல. மதுரை கோயில் என்னிக்கி சார் ஆள் இல்லாம இருந்திருக்கு? அந்த காலத்து நெகட்டிவ்ல வெளிச்சம் பதிய ரொம்ப நேரம் ஆவும், நடமாடறவங்க யாரும் பதியவே மாட்டாங்க. கல்லு நின்னுச்சு, கல்லு பதிஞ்சுது. பூ வித்த அம்மா அங்க இருந்திருப்பாங்க, நகந்துகிட்டே இருந்ததால படத்துல இல்லாம போயிட்டாங்க.

அப்புறம்தான் ஸ்டுடியோ வந்துச்சு. நம்ம ஜனங்க படத்துக்குள்ள வந்தது ஸ்டுடியோ வழியாத்தான். பின்னாடி திரையில தாஜ்மஹாலோ நீர்வீழ்ச்சியோ வரைஞ்சிருக்கும், முன்னாடி ஒரு ஸ்டூலு, பூ ஜாடி, கையில வாட்சு தெரியற மாதிரி வச்சுக்கிட்டு ஒரு போஸு. கல்யாணம் ஆன கையோட ஒரு படம், குழந்தைக்கு மொட்டை போடறதுக்கு முன்னாடி கிருஷ்ணர் வேஷத்துல ஒரு படம், வீட்ல பெரியவங்க இறந்தா உக்கார வச்சு சுத்தி நின்னு ஒரு படம். இதெல்லாம் எங்களுக்கு பொழப்பு, கலைன்னு யாரும் சொன்னது இல்ல. ஆனா பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்ல இருந்து ஒரு குழு ஊர் ஊரா போய், மூடுன ஸ்டுடியோ, மூடப்போற ஸ்டுடியோ எல்லாத்துலயும் பழைய படங்களை தேடி டிஜிட்டல்ல பதிவு பண்ணியிருக்காங்க, பிரிட்டிஷ் லைப்ரரி அதுக்கு உதவி பண்ணுச்சு. 1880லேர்ந்து 1980 வரைக்கும் உள்ள தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்க. எங்க தொழில்காரங்க எத்தனை பேர் கண்ணாடி நெகட்டிவை கழுவி பிரேம் போடற கண்ணாடியா வித்திருக்காங்கன்னு எனக்கு தெரியும், இடம் அடைக்குதுன்னு மூட்டை கட்டி பழைய பேப்பர் கடைக்கு போட்டவங்களையும் தெரியும். தப்பிச்சதை யாரோ பொறுக்கி எடுத்து வச்சாங்களேன்னு எனக்கு உண்மையிலயே சந்தோஷம். ஆனா இந்த வேலைய பத்தியும் நான் தமிழ் பேப்பர்ல படிச்சு தெரிஞ்சுக்கல, எங்க பையன் நெட்ல பாத்து சொன்னான்.

இப்போ இருக்கற போட்டோகிராபருங்கள்ல பழனிகுமாரை எடுத்துக்கோங்க. அவங்க அம்மா மதுரையில மீன் வியாபாரம் பண்றவங்க. அம்மா கடன் வாங்கி குடுத்துதான் மொத கேமரா வாங்குனாரு. மலக்குழியில இறங்கி விஷவாயு அடிச்சு செத்துப் போற தொழிலாளிங்க குடும்பத்தை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து படம் எடுத்தவரு. 2013லயே சட்டம் போட்டு தடுத்தாச்சு, ஆனா சாவு நிக்கல, நீங்களும் செய்தி போடறீங்க, 'விஷவாயு தாக்கி இருவர் பலி' ன்னு ஆறு வரி. அவர் அந்த ஆறு வரிக்கு அப்புறம் அந்த வீட்ல என்ன நடக்குதுன்னு போய் நிக்கறாரு. பத்திரிகையாளர் சாய்நாத் ஆரம்பிச்ச பாரிங்கற கிராமத்து செய்தி இணையதளத்துல வேலை பாக்கறாரு. உலக அளவுல போட்டோகிராபிக்கு குடுக்கற ஹாசல்பிளாட் விருது 2022ல நம்ம நாட்டு போட்டோகிராபர் தயானிதா சிங்குக்கு கிடைச்சப்போ, அந்தம்மா அந்த பணத்துலேர்ந்து ரெண்டு லட்ச ரூபாயை எடுத்து ஒரு விருது வச்சாங்க, அதோட மொத விருது பழனிகுமாருக்குத்தான் போச்சு. மீன் விக்கற அம்மாவோட பையனுக்கு சார்! இதுக்கு நம்ம பேப்பருங்க எவ்ளோ இடம் குடுத்தீங்க?

அவர் இதோட நிறுத்தல. வட சென்னை புள்ளைங்க கையில கேமராவ குடுத்து கத்துக்குடுத்து, அவங்க எடுத்த படங்களை பினாலேகாரங்களோட சேர்ந்து கண்காட்சியா வச்சாரு. இதைத்தான் நான் முக்கியமா நினைக்கறேன். எங்க ஏரியாவை பத்தி சினிமாவுல என்ன காட்டுவாங்கன்னு உங்களுக்கே தெரியும், கத்தி, கஞ்சா, கேரம் போர்டு மேட்ச் தகராறு. அங்கயே பொறந்த ஒரு புள்ளை எடுத்தா அவங்க அம்மா வேலைக்கு கிளம்பறதை எடுக்கும், பாட்டி வெத்தலை இடிக்கறதை எடுக்கும், மாடியில காயப்போட்ட துணிக்கு நடுவுல தங்கச்சி உக்காந்து ஹோம் வொர்க் பண்றதை எடுக்கும். கேமரா வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை காசிமேட்டுக்கு வர்றவங்களையும் நான் குறை சொல்லல, வெளிச்சத்தை தேடி வர்றாங்க, அதுல நல்லா எடுக்கறவங்களும் இருக்காங்க. ஆனா வீட்டுக்குள்ள இருக்கற ஆளுக்கு கிடைக்கற படம் வாசல்ல நிக்கற ஆளுக்கு கிடைக்காது.

ஏழைங்களை படம் எடுத்து பேர் வாங்கறாங்கன்னு ஒரு பேச்சு எப்பவும் இருக்கு. நியாயமான பேச்சுதான். வாக்கர் எவன்ஸ்னு அமெரிக்காவுல பெரிய போட்டோகிராபர், 1938லேர்ந்து 1941 வரைக்கும் நியூயார்க் பாதாள ரயில்ல கோட்டுக்குள்ள கேமராவை மறைச்சு, பட்டன் இடுக்கு வழியா எதிர் சீட்ல இருக்கறவங்களை எடுத்தாரு. யாருக்கும் தெரியாது. முகமெல்லாம் அவ்ளோ இயல்பா இருக்கு, களைப்பு, யோசனை, தூக்கம். ஆனா அதை புக்கா கொண்டு வந்தது 1966லதான். இன்னிக்கி எடுத்த அஞ்சாவது நிமிஷத்துல இன்ஸ்டாகிராம்ல போட்டுடறாங்க. ரோட்டுல தூங்கற தாத்தா அவரு படத்துக்கு எத்தனை லைக்குன்னு தெரியாமலே தூங்கிட்டு இருக்காரு. என் அபிப்பிராயம் இதுதான்: கேட்டு எடுங்க, கேக்க முடியாத இடத்துல எடுத்தா அப்புறமாவது போய் சொல்லுங்க, ஒரு பிரிண்ட் குடுங்க. நாலுக்கு ஆறு பிரிண்ட் போட என்ன ஆகப்போகுது? அதை வாங்கறப்போ அவங்க முகத்துல வர்ற சந்தோஷத்தை நான் கவுண்டர்ல தினமும் பாக்கறேன். போன்ல ஆயிரம் படம் வச்சிருக்கறவங்க கூட கையில ஒரு பிரிண்ட் குடுத்தா ஒரு நிமிஷம் நின்னு பாக்கறாங்க. இந்த மாதிரி சரி தப்பெல்லாம் பேசறதுக்குத்தான் விமர்சனம் வேணும்ங்கறேன். பாராட்ட மட்டும் இல்ல, தப்பா எடுத்திருந்தா தப்புன்னு சொல்றதுக்கும்.

படத்தை எங்க மாட்டறதுங்கறதும் பெரிய விஷயம். ஜேஆர்னு பிரான்ஸ்காரர் ஒருத்தர், 2008ல பிரேசில் ரியோ நகரத்துல மலைமேல இருக்கற குடிசைப் பகுதிக்கு போய், அங்க இருக்கற பொம்பளைங்க கண்ணு, முகத்தை எல்லாம் வீடு உயரத்துக்கு பிரிண்ட் போட்டு அவங்க வீட்டு செவுத்துலயே ஒட்டுனாரு. கீழ நகரத்துல இருக்கறவங்க நிமிந்து பாத்தா மலை முழுக்க கண்ணு. மறு வருஷம் நைரோபில கிபேரான்னு ஒரு பெரிய குடிசைப் பகுதி, அங்க கூரை மேல போட்டாரு, பேப்பர்ல இல்ல, தண்ணி ஒழுகாத வினைல் ஷீட்ல. படத்துக்கு படமும் ஆச்சு, மழைக்கு கூரையும் ஆச்சு. நம்ம ஊர்ல இதை படிச்சா யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. கட்சி மாநாடு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எது முடிஞ்சாலும் பிளெக்ஸ் எங்க போகுது? தள்ளுவண்டி கூரையில, பிளாட்பார கடையில, மழை ஒழுகற வீட்டு ஓட்டு மேல. தலைவர் முகம் பாதி, பிறந்தநாள் வாழ்த்து பாதின்னு வானத்தை பாத்துகிட்டு கிடக்கும். அதை மட்டும் மொட்டை மாடியிலேர்ந்து ஒருத்தர் ஒரு வருஷம் எடுத்தா நம்ம ஊரோட உண்மையான படம் கிடைக்கும்னு நினைக்கறேன்.

பிளெக்ஸ்னதும் பேனர் ஆர்ட்டிஸ்ட்டுங்க ஞாபகம் வருது. மவுன்ட் ரோட்ல அம்பது அடி கட்-அவுட் வரைஞ்ச கைங்க. கட்டம் போட்டு, மொகத்துக்கு ரோஸும் நீலமும் கலந்து அடிச்சு, தூரத்துலேர்ந்து பாத்தா கண்ணு உயிரோட இருக்கும். பிளெக்ஸ் மெஷின் வந்துச்சு, சில வருஷத்துலயே தொழில் படுத்துடுச்சு. 2009 வாக்குல கார்ப்பரேஷன் பெரிய ரோடுங்கள்ல போஸ்டர் ஒட்டக்கூடாதுன்னு சொல்லி செவுத்துல எல்லாம் ஓவியம் வரைய வச்சப்போ அதுல சில பேருக்கு வேலை கிடைச்சுது. என்ன வரைஞ்சாங்க? பரதநாட்டியம், ஜல்லிக்கட்டு, மகாபலிபுரம். வேலை கிடைச்சது சந்தோஷம், ஆனா அந்த செவுத்துக்கு எதிர்ல தினமும் நிக்கற ஆளுங்க யாரும் அந்த செவுத்துல இல்ல.

2020ல கண்ணகி நகர்ல நடந்தது அதுல இருந்து ஒரு படி மேல. நகரத்துக்கு நடுவுல ஆத்தங்கரை ஓரம் இருந்தவங்களை எல்லாம் எடுத்து துரைப்பாக்கத்துக்கு அந்தாண்ட கொண்டு போய் விட்ட இடம். ஸ்டார்ட் இந்தியாங்கற அமைப்பு, ஏஷியன் பெயின்ட்ஸ், கார்ப்பரேஷன் சேர்ந்து அங்க பிளாக் செவுத்துல எல்லாம் பெரிய பெரிய ஓவியம் வரைஞ்சாங்க. நம்ம சென்னை ஆர்ட்டிஸ்ட் ஏ-கில் அந்த ஏரியா குழந்தைங்க முகத்தையே மாடி உயரத்துக்கு வரைஞ்சாரு. இந்திரா நகர் பறக்கும் ரயில் ஸ்டேஷன் செவுத்துலயும் அவர் வரைஞ்ச முகங்க இருக்கு, எச்ஐவியோட வாழறவங்க முகமும் மத்தவங்க முகமும் கலந்து, யார் யாருன்னு பிரிச்சு சொல்ல முடியாத மாதிரி. ஐடி கம்பெனிக்கு போறவங்க தினமும் அதை தாண்டித்தான் போறாங்க. எனக்கு இதுல ஒரு சந்தேகம் உண்டு, சொல்லிடறேன்: செவுத்துக்கு பெயின்ட் அடிச்சா உள்ள ஒழுகற பைப்பு சரியாயிடுமா, வேலைக்கு போக பஸ் வந்துடுமான்னு அங்க இருக்கறவங்க கேட்டா அது தப்பான கேள்வி இல்ல. ஆனா அட்ரஸ் சொன்னாலே வேலை குடுக்க யோசிக்கறாங்கன்னு அந்த ஊர் ஜனங்க சொல்லிட்டு இருந்த இடத்துக்கு, வெளியூர்லேர்ந்து ஆளுங்க படம் பாக்க வந்தாங்கறதும் உண்மை. ரெண்டையும் சேத்து எழுதற ஒரு கட்டுரைய நான் எதிர்பாத்தேன். திறப்பு விழா செய்திதான் கிடைச்சுது.

இதெல்லாம் புதுசா வந்த பேஷன்னு யாராவது சொன்னா மெரினாவுல உழைப்பாளர் சிலைய காட்டுங்க. நாலு ஆளு பாறையை நெம்பறாங்க, ராஜா இல்ல, தலைவர் இல்ல. 1850லயே ஆரம்பிச்ச நம்ம ஓவியக் கல்லூரிக்கு மொத இந்திய பிரின்சிபாலா இருந்த ராய் சௌத்ரி செஞ்சது, 1959ல வச்சாங்க. மாடலா நின்னவங்கள்ல ஒருத்தர் அந்த காலேஜ் வாட்ச்மேன்தான்னு சொல்லுவாங்க. தினமும் லட்சம் பேர் பஸ்ல அதை தாண்டிப் போறோம்.

ஒரு விஷயம் சொல்லி முடிச்சுக்கறேன். பாரிஸ்ல யூஜின் அட்ஜேன்னு ஒருத்தர் இருந்தாரு. பெரிய மரப்பெட்டி கேமராவை தோள்ல தூக்கிட்டு விடியக்காலையில கிளம்பி தெரு, கடை ஜன்னல், மாடிப்படி, கந்தல் பொறுக்கறவங்க, கூடை விக்கறவங்கன்னு முப்பது வருஷம் எடுத்தாரு. கலைஞன்னு சொல்லிக்கவே இல்ல, ஓவியருங்களுக்கு மாடல் படம் விக்கற ஆளுன்னுதான் சொல்லிக்கிட்டாரு. 1920ல ரெண்டாயிரத்து அறுநூறு நெகட்டிவுக்கு மேல அரசாங்கத்துக்கு வித்தாரு. 1927ல செத்தப்போ வெளியில பெருசா யாருக்கும் தெரியாது. பெரெனிஸ் ஆபட்னு ஒரு அமெரிக்க பொண்ணு மிச்சம் இருந்ததை வாங்கி பத்திரப்படுத்தி, ஊர் ஊரா காட்டி, எழுதி, பேசி, உலகத்துக்கு தெரிய வச்சாங்க. 1968ல நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியம் அதை வாங்குச்சு. இன்னிக்கி பழைய பாரிஸ் எப்படி இருந்துச்சுன்னா உலகமே அவர் படத்தைத்தான் பாக்குது. எடுத்த ஆளு எவ்ளோ முக்கியமோ அதை பாத்து, இது முக்கியம்னு சொன்ன ஆளும் அவ்ளோ முக்கியம் சார். அந்த ரெண்டாவது ஆளு நம்மகிட்ட இல்ல, நான் கேக்கறது அதைத்தான்.

மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சுது. கட்டடத்தோட முகப்பு படம் நிறைய இருக்கு, சிகப்பு செங்கல், வளைவு எல்லாம் தெரியும். உள்ள பழைய புக்கு கடைக்காரர் எப்படி உக்காந்திருப்பாரு, புறா விக்கற இடத்துல என்ன கூண்டு, பழைய கிராமபோன் தட்டுக்காரர் தட்டை எப்படி துடைச்சு காட்டுவாரு, இதெல்லாம் நேர்ல பாத்தவங்க வாயால சொல்லித்தான் கேக்கணும், படமா தேடினா கிடைக்கறது கஷ்டம். அப்போ கேமரா எல்லார் கையிலயும் இல்ல, சரி. இப்போ எல்லார் கையிலயும் இருக்கு, எல்லாத்தையும் எடுக்கறோம், ஆனா எது நல்ல படம், எதை பத்திரமா வைக்கணும், ஏன் வைக்கணும்னு சொல்ல ஆள் இல்லாததால அத்தனையும் போன் மாத்தறப்போ போயிடுது.

அதனால நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை இணைப்புல பாதி பக்கம் குடுங்க. வாரம் ஒரே ஒரு படம், பெருசா, தெளிவா. நம்ம ஊரை, நம்ம தெருவை எடுத்த படம். பக்கத்துல ஒரு முந்நூறு வார்த்தை, அந்த படத்தை பத்தி மட்டும், எடுத்தவர் எங்க நின்னாரு, வெளிச்சம் எப்படி, எதை உள்ள விட்டாரு, எதை வெட்டிட்டாரு, படத்துல இருக்கறவங்க என்ன சொல்றாங்க. எழும்பூர் ஓவியக் கல்லூரியில படிச்ச பசங்க இருக்காங்க, கேட்டா எழுதுவாங்க. உங்க ஆபீஸ்லயே போட்டோகிராபருங்க இருக்காங்களே, வெள்ளத்துலயும் வெயில்லயும் நின்னு எடுக்கறவங்க, அவங்ககிட்ட கேளுங்க, நீங்க போடாம விட்ட படங்க ஹார்ட் டிஸ்க்ல எவ்ளோ கிடக்குன்னு சொல்லுவாங்க. அவங்க எடுத்து நீங்க போடற படத்துக்கு கீழ பேரும் போடுங்க, பாதி நாள் அது கூட இல்ல.

கண்காட்சி செய்தி போடறப்போ விருந்தினர் பேச்சை ரெண்டு வரியா குறைச்சுக்கிட்டு, மாட்டியிருக்கற படத்துல ஒண்ணையாவது போடுங்க. எந்த ஸ்டேஷன்ல இறங்கணும், எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும், டிக்கெட் இருக்கா இல்ல ஃப்ரீயான்னு போடுங்க, ஏன்னா கலெக்டர் ஆபீஸ் மாதிரி வாசல்ல வாட்ச்மேன் நிக்கறதை பாத்துட்டு நமக்கு இல்ல போலன்னு திரும்பிப் போறவங்களை நானே பாத்திருக்கேன். உள்ள போலாம், செருப்போடவே போலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு உங்க பேப்பர்ல ஒரு வரி வந்தா எங்க தெருவுலேர்ந்தே பத்து பேர் குடும்பத்தோட கிளம்புவாங்க.

எங்க கடை செவுறு ரோட்டை பாத்த மாதிரி இருக்கு. நீங்க அந்த பக்கத்தை ஆரம்பிச்சா, வாரா வாரம் வெட்டி அங்க ஒட்டறது என் பொறுப்பு.

இப்படிக்கு,
பெரம்பூர் ஸ்டுடியோக்காரர்,
சென்னை.